லேசர் கற்றையின் அகலத்தைப் பிளேடு விளிம்பால் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லேசரை வைத்துச் செய்யும் எந்த ஆய்விலும், ஏதோ ஒரு கட்டத்தில் கற்றையின் அகலம் தேவைப்படும். பொருளின் மேல் விழும் செறிவு, ஃபைபருக்குள் நுழையும் ஒளியின் அளவு, ஒரு லென்ஸ் எவ்வளவு சின்னப் புள்ளியாகக் குவிக்கும் என்பது எல்லாமே அதைச் சார்ந்தவைதான். செறிவு அகலத்தின் இருமடியைப் பொறுத்தது. அகலத்தில் 10 சதவீதம் தவறினால் செறிவில் சுமார் 20 சதவீதம் தவறும்.

ஹீலியம்-நியான் லேசரின் சிவப்புக் கற்றையை (632.8 நானோமீட்டர்) ஒரு லென்ஸால் குவித்து, சவரப் பிளேடின் விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்து, பத்து இடங்களில் அகலத்தை அளக்கப் போகிறோம். அதிலிருந்து கற்றை எங்கே மிக ஒடுங்குகிறது, எவ்வளவு வேகமாக விரிகிறது, எவ்வளவு தரமானது என்ற மூன்றும் கிடைக்கும். இதைக் கேமராவாலும் செய்யலாம். ஆனால் கேமராவின் பிக்ஸல் அளவும் தெவிட்டலும் (ஒளி கூடினாலும் காட்டும் அளவு ஏறாமல் நிற்பது) தனிச் சிக்கல்கள். பிளேடு முறையில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் என்பதால் முதலில் இதைக் கற்பதே நல்லது.

இந்த வேலையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை முதல் அளவீட்டை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. அதனால் 3 முதல் 7 வரையுள்ள படிகளை அவசரப்படாமல், இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எந்த அகலத்தை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

லேசர் கற்றைக்குக் கூர்மையான ஓரம் கிடையாது. மையத்தில் செறிவு அதிகம். வெளியே போகப் போக மணி வடிவில் குறைந்துகொண்டே போகும். இந்த வடிவத்தைக் காஸியன் என்கிறோம். எங்கே வெட்டி “இதுதான் ஓரம்” என்று சொல்வது என்பது நாம் வகுத்துக்கொள்ளும் விதிதான்.

ஆய்வில் வழக்கமான விதி இது: மையத்தின் செறிவில் 13.5 சதவீதமாகக் குறையும் தூரத்தைக் கற்றையின் ஆரம் என்று எடுக்க வேண்டும். அந்த ஆரத்துக்குள் மொத்தத் திறனில் 86.5 சதவீதம் அடங்கும். இந்தக் கட்டுரையில் “ஆரம்” என்று வரும் இடமெல்லாம் இதுதான்.

செறிவு பாதியாகும் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள முழு அகலத்தைச் சிலர் எடுப்பார்கள். அது நம் ஆரத்தைப்போல 1.18 மடங்கு. வேறு சிலர் விட்டத்தைச் சொல்வார்கள். லேசரோடு வரும் தகவல் தாளில் பெரும்பாலும் விட்டமும் முழு விரிவுக்கோணமும் இருக்கும். பாடப்புத்தகச் சூத்திரங்களில் ஆரமும் அரைக்கோணமும் இருக்கும். நோட்டின் முதல் பக்கத்திலேயே “ஆரம், 13.5 சதவீதம், அரைக்கோணம்” என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதாமல் தொடங்கியவர்கள் கடைசியில் 2 மடங்கு, 4 மடங்கு தவறிய விடையோடு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. தேவையானவை

1 மில்லிவாட் அளவிலான ஹீலியம்-நியான் லேசர் ஒன்று. திருகுகளால் சாய்க்கக்கூடிய இரண்டு மிரர்கள். 200 மி.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸ். 10 மைக்ரான் மீச்சிற்றளவுள்ள மைக்ரோமீட்டர் திருகு பொருத்திய நகரும் ஸ்டேஜ். புதிய சவரப் பிளேடு. திறனை அளக்கப் பவர் மீட்டர், இல்லையென்றால் ஓர் ஒளி டையோடும் மல்டிமீட்டரும் (இதைத்தான் இனி டிடெக்டர் என்போம்). துளையிட்ட அட்டை, கறுப்புத் தாள், நீளமான இரும்பு ஸ்கேல்.

லென்ஸ் ஏன் 200 மி.மீ.? லேசரிலிருந்து 0.4 மி.மீ. ஆரத்தில் வரும் கற்றையை இந்த லென்ஸ் சுமார் 100 மைக்ரான் ஆரத்துக்கு ஒடுக்கும். அப்போது திறன் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற, பிளேடு 128 மைக்ரான் நகர வேண்டும். 10 மைக்ரான் படிகளில் பன்னிரண்டு, பதின்மூன்று அளவீடுகள் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸை வைத்தால் ஆரம் 25 மைக்ரான் ஆகிவிடும். அதே ஏற்றம் 32 மைக்ரானில் முடிந்துவிடும். மூன்று புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரு வளைவை நம்பக் கூடாது.

லென்ஸே இல்லாமல் நேரடியாக அளக்கலாமே என்று கேட்பார்கள். கற்றை மிக ஒடுங்கும் இடத்தை இடை என்போம். லேசரின் சொந்த இடை குழாய்க்குள்ளோ, அதன் வாய்க்கு அருகிலோ இருக்கும். அதன் இருபுறமும் போய் அளக்க நமக்கு வழியில்லை. லென்ஸ் புதிதாக ஓர் இடையை நாம் எட்டக்கூடிய இடத்தில் உருவாக்கித் தருகிறது.

3. பாதுகாப்பை முதலில் முடியுங்கள்

1 மில்லிவாட்தானே என்று அலட்சியம் வேண்டாம். கண்ணின் லென்ஸ் அந்தக் கற்றையை விழித்திரையில் மிகச் சின்னப் புள்ளியாகக் குவித்துவிடும். கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கற்றை போகும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள். கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும்போது கற்றையை மறைத்துவிட்டுக் குனியுங்கள், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுந்திருங்கள்.

இந்த ஆய்வுக்கே உரிய ஆபத்து பிளேடு. அது நல்ல மிரர்போல ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பும் கற்றை எங்கே போகிறது என்று அட்டையால் தேடிக் கண்டுபிடித்து, அங்கே கறுப்புத் தாளை நிறுத்துங்கள். பிளேடைத் தாங்கியில் பொருத்திய பிறகே அதன் உறையைக் கழற்றுங்கள்.

ஹீலியம்-நியான் குழாய் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இயங்குகிறது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். இணைப்பைக் கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

4. லேசரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்

குழாய் சூடாகும்போது நீளும். நீளும்போது உள்ளே அதிரும் அதிர்வெண்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வெளிவரும் திறன் ஏறி இறங்கும். நம் அளவீடு முழுக்கத் திறன் ஒப்பீடுதான். பிளேடு நகர்ந்ததால் திறன் மாறியதா, லேசரே மாறியதா என்று பிறகு பிரிக்க முடியாது.

தளவிளைவு (ஒளி அதிரும் தளம்) நிலைப்படுத்தப்படாத குழாய்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மொத்தத் திறன் ஓரளவு நிலையாக இருந்தாலும், அது செங்குத்துத் தளத்துக்கும் கிடைத்தளத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட லேசரின் பாதையில் போலராய்டு எதையும் வைக்காதீர்கள்.

காத்திருக்கும் நேரம் வீணாகாது. அடுத்த இரண்டு படிகளை அந்த நேரத்தில் செய்துவிடலாம்.

5. கற்றையை மேசைக்கு இணையாகக் கொண்டுவாருங்கள்

புதியவர்கள் அதிக நேரம் தவிக்கும் படி இதுதான். கற்றை மேசைக்கு இணையாக இல்லையென்றால், பிளேடையும் டிடெக்டரையும் நகர்த்தும்போதெல்லாம் கற்றை வேறு உயரத்தில் வந்து விழும். ஒவ்வொரு இடத்திலும் எல்லாவற்றையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டிவரும்.

முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள். உங்களிடம் உள்ள தாங்கிகளில் எது மிக உயரமோ அதன் மைய உயரமே கற்றையின் உயரம். அந்த உயரத்தில் அட்டையில் சின்னத் துளை போட்டு, அட்டை நேராக நிற்கும்படி அடிக்கட்டை ஒட்டுங்கள்.

கற்றை முதல் மிரரில் பட்டு, இரண்டாம் மிரரில் பட்டு, பிறகு அளவீட்டுப் பாதைக்குள் வர வேண்டும். இரண்டு மிரர் ஏன் என்றால், ஒன்றை வைத்துக் கற்றையின் திசையை மட்டும்தான் மாற்ற முடியும். இடத்தையும் திசையையும் தனித்தனியாகச் சரிசெய்ய இரண்டு வேண்டும்.

இனி வரிசை. அட்டையை இரண்டாம் மிரருக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் மிரரின் திருகுகளை மட்டும் திருப்பி, கற்றையைத் துளைக்குள் கொண்டுவாருங்கள். அட்டையைப் பாதையின் கடைசிக்கு நகர்த்துங்கள். இப்போது இரண்டாம் மிரரின் திருகுகளை மட்டும் திருப்புங்கள். மறுபடி பக்கத்துக்கு வந்து முதல் மிரர், மறுபடி தூரத்துக்குப் போய் இரண்டாம் மிரர். ஒவ்வொரு சுற்றிலும் பிழை குறையும். நாலைந்து சுற்றில் இரண்டு இடத்திலும் துளைக்குள் விழும்.

பக்கத்துக்கு முதல் மிரர், தூரத்துக்கு இரண்டாம் மிரர். இதை மாற்றிச் செய்தால் பிழை ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். “எவ்வளவு திருகினாலும் விலகிக்கொண்டே போகிறது” என்று யாராவது சொன்னால், அவர் எந்த அட்டைக்கு எந்த மிரரைத் திருப்புகிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

6. லென்ஸை வையுங்கள்

லென்ஸை வைக்கும் முன் தூரத்துத் திரையில் கற்றை விழும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். லென்ஸை வைத்த பிறகு ஒளிப்புள்ளி பெரிதாகும். ஆனால் அதன் மையம் அதே குறியில் இருக்க வேண்டும். நகர்ந்திருந்தால் கற்றை லென்ஸின் மையத்தில் போகவில்லை என்று அர்த்தம். மிரரைத் தொடாதீர்கள், லென்ஸை மட்டும் பக்கவாட்டிலும் உயரத்திலும் நகர்த்துங்கள்.

அடுத்து, லென்ஸின் இரு பரப்புகளிலிருந்தும் லேசரை நோக்கித் திரும்பும் மங்கலான புள்ளிகளைப் பாருங்கள். அவை வந்த வழியிலேயே திரும்பினால் லென்ஸ் செங்குத்தாக நிற்கிறது. பிறகு, அவை லேசரின் வாய்க்குள் நுழையாமல் அதன் ஓரத்தில் விழும்படி மிக மிகக் கொஞ்சம் சாயுங்கள். திரும்பும் ஒளி குழாய்க்குள் புகுந்தால் திறன் ஆட ஆரம்பிக்கும். அதற்காக அதிகம் சாய்த்தால் கிடைத்தளத்திலும் செங்குத்துத் தளத்திலும் கற்றை வெவ்வேறு இடத்தில் குவியும். மி.மீ. கணக்கில் விலகினால் போதும்.

ஒரு பக்கம் தட்டையான லென்ஸ் என்றால் வளைந்த பக்கம் லேசரைப் பார்க்கட்டும். இணையாக வரும் கற்றையைக் குவிக்கும்போது கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் ஓரத்தில் போகும் ஒளியும் நடுவில் போகும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாமல் போவது) அந்த நிலையில்தான் குறைவு.

7. டிடெக்டர் பொய் சொல்லவில்லை என்று உறுதிசெய்யுங்கள்

பவர் மீட்டர் இருந்தால் அலைநீளத்தை 633-க்கு வைத்துவிட்டு அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டலாம். ஒளி டையோடு வைத்திருப்பவர்கள் இந்தப் படியை விடக் கூடாது.

பிபிடபிள்யூ 34 (BPW34) போன்ற சிலிக்கான் டையோடு இந்த வேலைக்குப் போதும். சிவப்பு ஒளியில் அது ஒரு மில்லிவாட்டுக்குச் சுமார் 0.4 மில்லிஆம்பியர் தரும். டையோடின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு மின்தடையை இணைத்து, அதன் குறுக்கே வோல்ட்டேஜைப் பார்ப்பது எளிய வழி. இங்கேதான் ஆர்வம் கெடுக்கும். பெரிய வோல்ட்டேஜ் வேண்டும் என்று 10 கிலோஓம் போடுவார்கள். கணக்குப்படி 4 வோல்ட் வர வேண்டும். ஆனால் வெளி மின்னழுத்தம் இல்லாத சிலிக்கான் டையோடு அரை வோல்ட்டைத் தாண்டாது. அது அங்கேயே தெவிட்டி நிற்கும்; கற்றையில் பாதியை மறைத்தாலும் அளவு அசையாது.

100 ஓம் போடுங்கள். 40 மில்லிவோல்ட் கிடைக்கும். மல்டிமீட்டரின் மில்லிவோல்ட் வரம்பில் அது தாராளம்.

நேர்கோட்டுத் தன்மையைச் சோதிக்க, திறனைக் குறைக்கும் வடிகட்டிக் கண்ணாடி ஒன்றை எடுங்கள். முழுத் திறனில் அதை வைத்து, அளவு எத்தனை மடங்கு குறைகிறது என்று பாருங்கள். பிளேடால் பாதித் திறனை மறைத்துவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டு விகிதமும் ஒன்றாக இருந்தால் டிடெக்டரை நம்பலாம்.

கற்றை முழுதும் டிடெக்டருக்குள் விழ வேண்டும். பிபிடபிள்யூ 34-இன் உணரும் பரப்பு சுமார் 2.7 மி.மீ. பக்கமுள்ள சதுரம். நம் லென்ஸுக்குப் பின் 40 செ.மீ. தூரத்தில்கூடக் கற்றையின் ஆரம் 0.4 மி.மீ.தான், பிரச்சினை இல்லை. ஆனால் லென்ஸ் இல்லாத வெறும் கற்றையை 2 மீட்டருக்கு அப்பால் அளந்தால் ஆரம் 1 மி.மீ.யைத் தாண்டும், ஓரத்திலிருந்து சுமார் 2.5 சதவீதத் திறன் வெளியே வழியும்.

அறை விளக்கை அணையுங்கள். அணைத்த பிறகும் லேசரை மறைத்துவிட்டு வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பின்னணி அளவை எல்லா அளவீட்டிலிருந்தும் கழிக்க வேண்டும். கணினித் திரையும் கைப்பேசியும் விளக்குகள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

8. பிளேடைப் பொருத்துங்கள்

பிளேடின் விளிம்பு செங்குத்தாக நிற்க வேண்டும், ஸ்டேஜ் கிடையாக நகர வேண்டும். விளிம்பு சாய்ந்திருந்தால் திருகு காட்டும் தூரமும் கற்றையை உண்மையில் வெட்டும் தூரமும் வேறாகும். 5 டிகிரி சாய்வு அரை சதவீதத்துக்கும் குறைவான பிழைதான் தரும். 20 டிகிரி என்றால் 6 சதவீதம். ஒரு மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் போதும்.

ஸ்டேஜ் கற்றைக்குச் செங்குத்தான திசையில் நகர வேண்டும். மேசையில் துளை வரிசை இருந்தால், அதற்கு இணையாகக் கற்றையும் குறுக்காக ஸ்டேஜும் இருக்கட்டும்.

டிடெக்டரைப் பிளேடுக்குப் பின்னால் சில செ.மீ. தூரத்தில், பிளேடோடு சேர்ந்து நகரும் பலகையில் வையுங்கள். பிளேடு விளிம்பைத் தொட்டுச் செல்லும் ஒளி விளிம்பு விளைவால் சிதறி விரியும். டிடெக்டர் தூரத்தில் இருந்தால் அந்த ஒளியில் ஒரு பகுதி தவறிவிடும்.

9. முதல் ஸ்கேன்

பிளேடு கற்றையை முழுதும் மறைக்கும் இடத்திலிருந்து தொடங்கி, மெதுவாக விலக்கிக்கொண்டே போங்கள். திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். திசை மாற்றினால், திருகின் புரிகளுக்கு இடையே உள்ள தளர்வு காரணமாக அளவுகோல் நகரும், ஸ்டேஜ் நகராது. ஒரு புள்ளியைத் தவறவிட்டால் அதற்காகப் பின்னால் போகாதீர்கள். தொடக்கத்துக்கே திரும்பி, கொஞ்சம் தாண்டிப் போய், மறுபடி அதே திசையில் வாருங்கள்.

படியின் அளவு ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். ஆரம் முன்கூட்டித் தெரியாது என்பதால், முதலில் வேகமாக ஒரு தடவை ஓட்டி 10 சதவீதமும் 90 சதவீதமும் எங்கே வருகின்றன என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் நிதானமாக எடுக்கலாம்.

ஸ்கேன் முடிந்ததும் பிளேடை முழுதும் விலக்கி முழுத் திறனைக் குறியுங்கள். தொடங்கும் முன்னும் குறித்திருக்க வேண்டும். இரண்டும் 1 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்த ஸ்கேனை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள். லேசர் நகர்ந்த ஸ்கேனைக் கணக்கால் காப்பாற்ற முடியாது.

அளவு குறிக்கும்போது மேசையில் கை ஊன்ற வேண்டாம். இடைக்கு அருகே 10 மைக்ரான் அசைவுகூட வளைவில் தெரியும்.

10. ஸ்கேனிலிருந்து ஆரம்

பின்னணியைக் கழித்து, ஒவ்வொரு அளவையும் முழுத் திறனால் வகுத்தால் 0-விலிருந்து 1 வரை ஏறும் வளைவு கிடைக்கும். இதிலிருந்து ஆரத்தை எடுக்க மூன்று வழிகள் உண்டு.

மேசையிலேயே போடும் கணக்கு: திறன் 16 சதவீதமாக இருக்கும் இடத்துக்கும் 84 சதவீதமாக இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரமே ஆரம். 10-க்கும் 90-க்கும் இடைப்பட்ட தூரத்தை எடுத்தால் அதை 1.28-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு வழியிலும் விடை ஒன்றாக வருகிறதா என்று ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும், கருவிகளைத் தொடும் முன், பாருங்கள்.

இரண்டாவது, அடுத்தடுத்த அளவுகளின் வேறுபாட்டை எடுத்து மணி வளைவாக்கி அதன் அகலத்தைப் பார்ப்பது. பலர் இதைத்தான் செய்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறுபாடு எடுக்கும்போது ஒவ்வொரு அளவிலும் உள்ள சின்ன ஆட்டம் பெரிதாகிவிடும்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. எக்செல்லில் நார்ம்.எஸ்.இன்வ் (NORM.S.INV) என்ற சார்பு இருக்கிறது. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒவ்வொரு அளவையும் அதில் போடுங்கள். வரும் எண்களைப் பிளேடின் இடத்துக்கு எதிராக வரையுங்கள். கற்றை காஸியனாக இருந்தால் நேர்கோடு கிடைக்கும். 2-ஐ அந்தக் கோட்டின் சாய்வால் வகுத்தால் ஆரம். சாய்வு ஒரு மைக்ரானுக்கு 0.02 என்றால் ஆரம் 100 மைக்ரான்.

இதன் உண்மையான பயன், தவறைக் காட்டிக்கொடுப்பது. பின்னணியைச் சரியாகக் கழிக்கவில்லை என்றால் கோட்டின் கீழ் முனை வளையும். முழுத் திறனைத் தவறாக எடுத்திருந்தாலோ டிடெக்டர் தெவிட்டியிருந்தாலோ மேல் முனை வளையும். நடுவில் முறிந்திருந்தால் திருகு திசை மாறியிருக்கிறது, இல்லையென்றால் யாரோ மேசையை இடித்திருக்கிறார்கள். 5 சதவீதத்துக்குக் கீழும் 95-க்கு மேலும் உள்ள புள்ளிகளைக் கோடு போட எடுத்துக்கொள்ளாதீர்கள்; அங்கே சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும்.

11. பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஓர் இடத்து ஆரம், கற்றை எப்படிப் போகிறது என்று சொல்லாது. இடையிலிருந்து ஆரம் 1.41 மடங்காகும் தூரத்தை ராலே நீளம் என்கிறோம். இடையின் ஆரத்தை இருமடியாக்கி, பை-யால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் அது வரும். 100 மைக்ரானுக்குச் சுமார் 5 செ.மீ.

லேசர் கற்றையை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 11146 தரநிலை குறைந்தது பத்து இடங்கள் கேட்கிறது: ஏறக்குறையப் பாதி, இடையின் இருபுறமும் ஒரு ராலே நீளத்துக்குள், மீதிப் பாதி, இரண்டு ராலே நீளத்துக்கு அப்பால். காரணம் எளிது. அருகில் உள்ள புள்ளிகள் இடையின் அளவைச் சொல்கின்றன. விரிவுக்கோணத்தைத் தூரத்துப் புள்ளிகள்தான் சொல்லும். எல்லாவற்றையும் இடைக்குப் பக்கத்தில் எடுத்தால் கோணம் ஊகமாகிவிடும்.

நம் அமைப்பில் இடை லென்ஸிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. தூரத்தில் வரும். அதன் இருபுறமும் 5 செ.மீ.க்குள் ஐந்து இடம். பிறகு 10 செ.மீ.க்கு அப்பால் ஐந்து. தூரத்தைப் பிளேடு வரை அளக்க வேண்டும், டிடெக்டர் வரை அல்ல. கற்றையை வெட்டும் தளம் பிளேடுதான். இடங்களை வரிசையாகப் போகாமல் மாற்றி மாற்றி எடுத்தால், லேசரின் மெதுவான நகர்வு போலிப் போக்காக வளைவில் சேராது.

12. தரக்காரணியைக் கணக்கிடுங்கள்

ஆரத்தின் இருமடியைத் தூரத்துக்கு எதிராக வரைந்தால் பரவளையம் கிடைக்கும். அதற்கு இருபடிக் கோவை பொருத்துங்கள். பரவளையத்தின் அடிப்புள்ளி இருக்கும் இடம்தான் இடை. அந்தப் புள்ளியின் உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் இடையின் ஆரம். இருபடி உறுப்பின் குணகத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் விரிவின் அரைக்கோணம்.

இடையின் ஆரத்தையும் அரைக்கோணத்தையும் பெருக்கி, பை-யால் பெருக்கி, அலைநீளத்தால் வகுங்கள். இதுதான் எம்-ஸ்கொயர் என்னும் தரக்காரணி. குறையில்லாத காஸியனுக்கு 1. அதைவிடக் குறைய இயற்கை விடாது.

இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. எல்லாவற்றையும் மி.மீ.யில் போட்டால் இருபடிக் குணகம் 0.000004 என்ற அளவில் வரும். எக்செல் வரைபடத்தில் காட்டும் சமன்பாடு அதை ஒரே இலக்கத்துக்குச் சுருக்கிவிடும். அதிலேயே 10 சதவீதம் போய்விடும். ஆரத்தை மைக்ரானிலும் தூரத்தை செ.மீ.யிலும் போடுங்கள். இடை இருக்கும் என்று தோன்றும் இடத்தைச் சுழியாக வையுங்கள். அப்போது 100 மைக்ரான் இடைக்கு மாறிலி 10,000, குணகம் சுமார் 406 என்று கையாளத் தோதான எண்கள் வரும். 406-இன் வர்க்கமூலம் 20.1, அதாவது செ.மீ.க்கு 20.1 மைக்ரான், 2.01 மில்லிரேடியன். 100 மைக்ரானோடு பெருக்கி, பை-யால் பெருக்கி, 0.6328 மைக்ரானால் வகுத்தால் 1.00.

13. விடை ஒத்துவராதபோது

நல்ல ஹீலியம்-நியான் லேசருக்கு 1.0-க்கும் 1.1-க்கும் இடையே வர வேண்டும். வேறாக வந்தால் அந்த எண்ணையே முதலில் கவனியுங்கள். பல தவறுகள் தங்களுக்கென்று ஓர் எண்ணை விட்டுச் செல்கின்றன.

1.64 வந்தால், 10-க்கும் 90-க்கும் இடைப்பட்ட தூரத்தை 1.28-ஆல் வகுக்காமல் ஆரமாகப் போட்டிருக்கிறீர்கள். 1.39 என்றால் பாதிச் செறிவின் முழு அகலத்தை ஆரமாக எடுத்திருக்கிறீர்கள். 2 என்றால் ஆரத்தோடு முழுக்கோணம் கலந்திருக்கிறது. 4 என்றால் இரண்டு இடத்திலும் விட்டம். 0.35 என்றால் பாதிச் செறிவு அகலத்தின் பாதி.

0.8, 0.9 என்று கொஞ்சமாகக் குறைந்தால் பெரும்பாலும் தூரத்துப் புள்ளிகளில்தான் கோளாறு. அங்கே கற்றை டிடெக்டருக்கு வெளியே வழிந்து, ஆரம் சின்னதாகத் தெரிகிறது. டிடெக்டருக்கு முன்னால் குட்டிக் குவிலென்ஸ் ஒன்றை வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

1.2, 1.3 என்றால் காரணம் பலவாக இருக்கலாம். லென்ஸில் தூசியோ விரல் ரேகையோ இருக்கலாம். லென்ஸ் சாய்ந்திருக்கலாம், அப்படியென்றால் பிளேடை 90 டிகிரி திருப்பிச் செங்குத்தாக ஸ்கேன் செய்தால் இடை வேறு இடத்தில் வரும். இடைக்கு அருகே மட்டும் ஆரம் பெரிதாக இருந்தால் அதிர்வைச் சந்தேகப்படுங்கள். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

14. கையில் பாயிண்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால்

செய்யலாம், ஆனால் மூன்று மாற்றங்களோடு. பேட்டரியை எடுத்துவிட்டு, அதற்குரிய வோல்ட்டேஜில் நிலையான மின்வழங்கியை இணையுங்கள். பேட்டரி இறங்க இறங்கத் திறனும் இறங்கும். பாயிண்டரில் எழுதியிருக்கும் திறனை நம்பாமல் அளந்து பாருங்கள். எழுதியதைவிட அதிகமாக இருப்பது சாதாரணம்.

சிவப்புப் பாயிண்டரில் டையோடு லேசர் இருக்கும். அதன் கற்றை வட்டமல்ல, நீள்வட்டம். நீள அச்சிலும் குறுக்கு அச்சிலும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, இரண்டு தரக்காரணிகளாகச் சொல்ல வேண்டும். நார்ம்.எஸ்.இன்வ் கோடு நேராக வராமல் வளைந்தால், அந்தக் கற்றை காஸியன் அல்ல. அப்போது பிளேடு தரும் ஆரத்தை ஐஎஸ்ஓ வரையறுக்கும் ஆரத்தோடு நேரடியாக ஒப்பிட முடியாது. அறிக்கையில் “பிளேடு முறை, 16–84” என்று சேர்த்து எழுதுங்கள்.

பச்சைப் பாயிண்டரில் கூடுதல் கவனம் வேண்டும். 532 நானோமீட்டர் பச்சை ஒளியை உண்டாக்க, உள்ளே 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர்கள் பயன்படுகின்றன. மலிவான பாயிண்டரில் அவை வெளியே கசியும். கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண் இமைக்காது. சிலிக்கான் டையோடோ அவற்றையும் சேர்த்தே எண்ணும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை லேசரின் வாயிலேயே பொருத்திவிட்டு, அதன் பிறகு 4-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.